சுகா எந்த ஷிஃப்ட்?

சுகப்பிரியா ஒரு வாரம் சிட்டாகப் பறப்பாள். அடுத்த வாரம் அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டவள்போல ஓடுவாள். ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், கேட்டவரையே திருப்பிப் பார்ப்பாள். தெரிந்தால் சொல்ல மாட்டாளா?

அவள் பென்னலூர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்தாள். எல்லாருக்கும் அவள் சுகா. குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்காக அந்தப் பள்ளியில் பெண்கள் தொடர் ஓட்டக் குழு தயாராகிக்கொண்டிருந்தது. நான்கு பேர் ஓட வேண்டும். கையில் இருக்கும் குச்சியை ஒருத்தி அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு அக்காக்கள் இருவர் முதலில். மூன்றாவது, சுகாவின் தோழி காவேரி. கடைசி ஆள் சுகா.

கடைசி ஆள் என்றால் லேசுப்பட்ட விஷயம் இல்லை. முன்னால் ஓடிய மூன்று பேரின் பாடும் அவள் கையில்தான் வந்து சேரும்.

"இன்னாடி, தூங்கிக்கினே ஓடுறியா?" என்று கேட்டாள் காவேரி. அன்று காலைப் பயிற்சியில் சுகா ரொம்பவே பின்தங்கியிருந்தாள்.

"இல்லடி. கால் வர மாட்டேங்குது."

"போன வாரம் மட்டும் எப்டி வந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல."

மஞ்சுளா டீச்சர் வாயிலிருந்து விசிலை எடுத்தார். அவர்தான் உடற்கல்வி ஆசிரியை. கோபம் வந்தால் கத்த மாட்டார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்வார். இப்போது பலமாக விசிறிக்கொண்டிருந்தார்.

"சுகா, ஒழுங்கா சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன் டீச்சர்."

"தண்ணி குடிக்கிறியா?"

"குடிக்கிறேன் டீச்சர்."

"தூக்கம்?"

"அதெல்லாம் நெறையவே தூங்குறேன் டீச்சர்."

அவள் ஒன்றுகூடப் பொய் சொல்லவில்லை. டீச்சருக்கும் அது தெரிந்தது. அதனால் அவருக்கும் குழப்பம்தான். தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு, "சரி, போய் முகத்தைக் கழுவு" என்று மட்டும் சொன்னார்.

இந்த இடத்தில் சுகாவின் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

அவள் அப்பா பிச்சையாவும் அம்மா சொர்ணம்மாளும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். சுகா பிறந்தது பென்னலூரில். ஆகவே அந்த வீட்டில் அம்மா தெற்கத்திப் பேச்சில் திட்டுவார், மகள் மெட்ராஸ் பேச்சில் பதில் சொல்வாள்.

அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கார்க் கதவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு ரப்பர் ஒட்டியிருக்கும் அல்லவா, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க? அதைச் செய்கிற கம்பெனி.

ஒரு வாரம் அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட். விடியும்போதே கிளம்பி, சாயங்காலம் வந்துவிடுவார். எல்லாரும் நேரத்தோடு சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள்.

அடுத்த வாரம் இரண்டாவது ஷிஃப்ட். மத்தியானம் போனார் என்றால் ஊர் உறங்கிய பிறகுதான் கம்பெனி பஸ் அவரைத் தெருமுனையில் இறக்கிவிடும். அந்த வாரம் சுகா காலையில் கிளம்பும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். அவள் திரும்பி வரும்போது அப்பா வீட்டில் இருக்க மாட்டார்.

அப்படியென்றால் அப்பாவைப் பார்ப்பதே இல்லையா? அது எப்படி முடியும்? சுகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் மட்டும் பள்ளியிலிருந்து வந்ததும் படுத்து நன்றாகத் தூங்கிவிடுவாள். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து எழுந்து, வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு, அப்பாவுக்காக விழித்திருப்பாள். அப்பா வந்ததும் அம்மா சுடச்சுடத் தோசை வார்ப்பார். தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அப்பா கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்னட்டி சேதி?"

அவ்வளவுதான். காலையிலிருந்து நடந்ததையெல்லாம் சுகா ஒன்றுவிடாமல் கொட்டுவாள். அப்பா 'ம்' கொட்டிக்கொண்டே ஐந்து தோசை தின்பார். அவளும் மூன்று தின்பாள். அந்த வாரம் அவளுக்கு ரொம்பப் பிடித்த நேரம் அதுதான்.

அந்தத் தெருவில் இதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் ஷிஃப்டுக்குப் போகிறவர். ஒரு வீட்டில் காலை இட்லி வேகும்போது பக்கத்து வீட்டில் இராத்திரிப் படுக்கையை விரிப்பார்கள். தூக்கத்தை இரண்டு துண்டாகவோ மூன்று துண்டாகவோ வெட்டித் தூங்கினால் என்ன, மொத்தம் சரியாக இருந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் ஏதோ பிடிபட்டிருக்கும். சுகாவுக்குப் பிடிபடவில்லை. நம் வீட்டு வழக்கம் நமக்கு வழக்கமாகவே தெரியாது. உலகமே அப்படித்தான் இருக்கிறது என்று தோன்றும்.

அம்மாவுக்கு முதலில் முட்டைமேல்தான் நம்பிக்கை வந்தது.

"ஏட்டி, தெனமும் ஒரு முட்டை தின்னா தெம்பு வருமாம். தின்னு பாரு."

சுகா தின்றாள். அந்த வாரம் பறந்தாள். வீட்டில் முட்டைக்கு ராஜ மரியாதை கிடைத்தது. அம்மா அதைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, மிளகுத்தூள் தூவி, தட்டுப்போட்டு மூடி வைத்தார்.

அதற்கடுத்த வாரம் சுகாவின் கால் மறுபடியும் தரையை விட்டு எழும்ப மறுத்தது.

"முட்டை சூடுட்டி. அதான் காலை இழுக்குது" என்றார் அம்மா. முட்டையின் பதவி போய்விட்டது.

மாடி அறையில் மணிகண்டபிரபு என்று ஒரு வாலிபர் குடியிருந்தார். அவருக்கும் சங்கரன்கோவில் பக்கம்தான். வேறு ஒரு கம்பெனியில் நட்டு முடுக்குகிற வேலை. சுகாவுக்கு அவர் பிரபு அண்ணா.

"எங்கூர்ல கபடி ஆடுத பயலுவ எல்லாம் கருப்பட்டி போட்ட கடலை உருண்டைதான் திம்பானுவ. நீயும் தின்னு பாரு பாப்பா" என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்.

தின்றாள். அந்த வாரம் மறுபடியும் பறந்தாள். "பாத்தியா?" என்று பிரபு அண்ணா மாடிப்படியில் நின்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த வாரம் கடலை உருண்டையும் கைவிட்டது. பிரபு அண்ணா காலரை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நீ சிகப்பு சாக்ஸ் போட்டுப் பாருடி" என்றாள் காவேரி.

சிவப்புக் காலுறைக்கும் அதே கதிதான். ஒரு வாரம் அது அதிர்ஷ்டக் காலுறை. மறுவாரம் அது வெறும் காலுறை, அதுவும் துவைக்காத காலுறை.

சுகாவுக்குத் தலை சுற்றியது. எதைத் தின்றாலும் ஒரு வாரம் நல்லதாக இருக்கிறது, மறு வாரம் கெட்டதாகிவிடுகிறது. ஒரே முட்டை எப்படி ஒரு வாரம் தெம்பும் மறு வாரம் சூடும் ஆகும்? கோழிக்காவது இது தெரியுமா?

ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சுளா டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் தொப்பி இல்லை. டீச்சர் கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. வருத்தமாக இருந்தார்.

"சுகா, நீ நல்லா ஓடுற நாள்ல உன்னை யாரும் பிடிக்க முடியாது. ஆனா ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் நீ நல்லா ஓடுற. போட்டி எந்த வாரம் வருதோ, அந்த வாரம் நீ எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல டீச்சர்."

"மாத்து ஆளா வெச்சிருக்கிற மேதா சுமாராத்தான் ஓடுறா. ஆனா எல்லா நாளும் அதே சுமார். அவளை நம்பலாம். அடுத்த வாரம் நீ நல்லா ஓடுவே, அதை நான் கணக்குல எடுக்க மாட்டேன். அதுக்கும் அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில மேதாவையும் உன்னையும் ஓட விட்டுப் பார்க்குறேன். அன்னைக்கு யார் முன்னாடி வர்றாங்களோ அவங்கதான் குழுவில."

சுகா தலையை ஆட்டினாள். மேதா நல்ல பெண். அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சுகா தன் இரண்டு கால்கள்மேலும் கோபப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மேல்படியில் பிரபு அண்ணா உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். சுகா வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். உடனே அண்ணாவும் விட்டார். மறுபடியும் சுகா. மறுபடியும் அண்ணா.

"என்ன பாப்பா, எங்க லைன்ல நிக்கிற ஆளு மாதிரியே கொட்டாவி விடுத. எந்த ஷிஃப்ட்டு நீ?"

சுகா சிரித்தாள். "நான் இஸ்கோலுக்குப் போறேண்ணா. எனக்கு ஏது ஷிஃப்ட்?"

"குடுத்து வச்சவ. என்னப் பாரு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம்னா ராசா மாதிரி இருப்பேன். இந்த செகண்ட் ஷிஃப்ட் வாரம் வந்துட்டா, கை சொன்ன பேச்சு கேக்காது. நேத்து மூணு நட்டக் கீழ விட்டேன். சூப்பர்வைசர் வைதாரு. நானும் பகல்ல படுத்துத் தூங்கத்தான் செய்யுதேன். ஆனா ஒடம்பு அதக் கணக்குல சேக்க மாட்டேங்குது."

அவர் ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தார். நூல் இந்தப் பக்கம் போனது, ஊசி அந்தப் பக்கம் போனது.

"இங்க குடுண்ணா" என்று வாங்கிய சுகா, கோர்க்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரம் ராஜா. ஒரு வாரம் நட்டு கீழே விழும். அண்ணா தன்னைப் பற்றிச் சொன்னாரா, அவளைப் பற்றிச் சொன்னாரா?

'ஆனா நான் கம்பெனிக்குப் போகலையே' என்று நினைத்தாள்.

கீழே அம்மா தோசைக்கு மாவு கரைக்கிற சத்தம் கேட்டது. நாளையிலிருந்து அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட், சீக்கிரம் சாப்பாடு, சீக்கிரம் தூக்கம். நாளையிலிருந்து சுகா நன்றாக ஓடுவாள் என்று டீச்சரும் சொல்லியிருக்கிறார்.

நாளையிலிருந்து முதல் ஷிஃப்ட். நாளையிலிருந்து நன்றாக ஓடுவாள்.

சுகாவின் கையிலிருந்து ஊசி நழுவியது. அப்பா போகிற ஷிஃப்டுக்கெல்லாம் அவளும் போய்க்கொண்டிருந்தாள், பஸ் ஏறாமலேயே.

முட்டைமேல் தப்பில்லை. கடலை உருண்டைமேலும் இல்லை. பாவம், சாக்ஸ்.

கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதன் பிறகு பழைய குழப்பத்தைவிடப் பெரிய குழப்பம் வந்து உட்கார்ந்தது. நேரத்தோடு படுத்தால் நன்றாக ஓடலாம். ஆனால் அப்பா? வேலை முடிந்து வந்து, பேச ஆளில்லாமல், தனியாகத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். "என்னட்டி சேதி?" என்று யாரைக் கேட்பார்?

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தாள். சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "நாளையிலிருந்து செகண்ட் ஷிஃப்ட்டு. நம்ம தோசைக் கச்சேரி ஆரம்பம்" என்று அப்பாவே கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னார். அதன் பிறகு எப்படிச் சொல்வது?

அம்மாவிடம்தான் சொன்னாள். அம்மா மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. நான் சொல்லிக்கிடுதேன். நீ படு" என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் சுகா தூங்கவில்லை. கண்ணைச் சொருகியபோதெல்லாம் தெருவில் ஓடிப்போய்க் காவேரியோடு விளையாடினாள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படுக்கிற நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். தூக்கம் வெகுநேரம் வரவில்லை. பஸ் வந்துவிட்டதா என்று காது அதுபாட்டுக்குத் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டது.

காலையில் எழுந்ததும், "அப்பா இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. நல்லா தூங்கட்டும்னாரு."

"எத்தினி தோசை சாப்ட்டாரு?"

அம்மா பாத்திரத்தை உருட்டினார். "ரெண்டு" என்றார் பிறகு.

செவ்வாய்க்கிழமை அவள் ஓட்டம் மந்தமாகத்தான் இருந்தது. சுகாவுக்கு அழுகை வந்தது. இதுவும் முட்டை மாதிரிதானா? ஆனால் அன்றிரவு படுத்ததும் தூங்கிப்போனாள். புதன்கிழமை கால் கொஞ்சம் பேச்சைக் கேட்டது. அன்று காலையில் அவள் புத்தகப் பையின்மேல் ஒரு வாழைப்பழம் இருந்தது. கம்பெனி கேண்டீனில் கொடுக்கிற பழம். அப்பா வைத்தது.

வியாழக்கிழமையும் ஒரு பழம் இருந்தது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். சுகா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பழத்தைத் தின்றுகொண்டே மைதானத்துக்குப் போனாள்.

மஞ்சுளா டீச்சர் விசில் ஊதினார். மேதா ஓடினாள், எப்போதும்போலச் சுமாராக. சுகா ஓடினாள். அரிசி மூட்டை எங்கே போனது என்றே தெரியவில்லை. கோட்டைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தபோது மேதா இன்னும் வந்துகொண்டிருந்தாள்.

"இது உன் நல்ல வாரமே இல்லையே. என்ன பண்ணுன?" என்றார் டீச்சர்.

"நைட்டு தூங்கினேன் டீச்சர்."

"நெறையத் தூங்குறேன்னு முன்னாடியே சொன்னியே."

"அது வேற தூக்கம் டீச்சர்" என்று தொடங்கி வீட்டு வழக்கம் முழுவதையும் சுகா சொன்னாள். டீச்சர் தொப்பியைக் கழற்றினார். விசிறிக்கொள்ளவில்லை. அதை எடுத்துச் சுகாவின் தலையில் வைத்தார்.

காவேரி அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "நெஜமா சொல்லு. இன்னா துன்னே?"

"ஒண்ணுமில்லடி. ஒரு வாழைப்பழம்."

"எந்தக் கடை?"

கடைசி ஆளின் இடம் சுகாவுக்குக் கிடைத்துவிட்டது. குதிக்க வேண்டிய நேரம். ஆனால் அவள் குதிக்கவில்லை. இந்தச் சேதியை அவள் முதலில் சொல்ல வேண்டிய ஆளைக் கண்ணால் பார்த்து, பேசி, நாலு நாளாகிறது. சொல்லாத சேதியெல்லாம் வயிற்றுக்குள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தன.

மத்தியானம் சமூக அறிவியல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது வெளியே இரண்டு தடவை ஹாரன் கேட்டது. சுகாவுக்குத் தெரியும், அது அப்பாவின் கம்பெனி பஸ். தெருமுனையில் அப்பாவை ஏற்றிக்கொண்டு பள்ளி வாசல் வழியாகத்தான் போகும். மகள் உள்ளே இருக்கிறாள் என்று அப்பா சொல்லி வைத்ததால் டிரைவர் ஹாரன் அடிப்பார். இத்தனை நாளும் அந்தச் சத்தம் கேட்டால், அப்பா போகிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

இன்று வேறு மாதிரி நினைத்தாள். அப்பா விழித்திருக்கிறார். நானும் விழித்திருக்கிறேன். பஸ் இந்த வாசல் வழியாகத்தான் போகிறது. சற்று முன்னால்தானே சாப்பாட்டு மணி அடித்து முடிந்தது?

கொட்டாவி வரவில்லை. மூளை சரசரவென்று வேலை செய்தது.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அம்மா, அப்பா செகண்ட் ஷிஃப்ட் போறாரு. நம்ம சாப்பாடு மட்டும் ஏன் ஷிஃப்ட் மாறாம கீது?"

"என்னட்டி உளறுத?"

"நைட்டு சாப்பாட்டை மத்தியானத்துக்கு மாத்திடலாம்மா. அப்பா கொஞ்சம் முன்னாடியே கெளம்பி எங்க இஸ்கோல் வாசலுக்கு வந்துடட்டும். மூணு பேரும் அங்கியே சாப்பிடலாம். அப்பா அங்கியே பஸ் ஏறிக்கட்டும்."

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பு வந்ததை மறைக்க அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் சுகா வாசலுக்கு ஓடினாள். அந்த ஓட்டத்தை மஞ்சுளா டீச்சர் பார்த்திருந்தால் மாவட்டப் போட்டிக்கே பெயர் கொடுத்திருப்பார். வெளியே புங்கமரத்தடியில் கம்பெனிச் சட்டையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா, ஒரு அடுக்குப் பாத்திரம், மூன்று தட்டு. பட்டப்பகலில் தோசை.

அப்பா ஒரு தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "என்னட்டி சேதி?" என்றார்.

நாலு நாள் சேதி. அதை எங்கிருந்து ஆரம்பிப்பது? சுகாவுக்கு வாயும் ஓடியது, கண்ணிலும் தண்ணீர் ஓடியது.

"எம்மேல கோவமாப்பா? நீ தனியா சாப்பிடுவியேன்னு எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அதுக்குதான் இத்தினி நாளும் முழிச்சிக்கினு இருந்தேன்."

அப்பா தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார். "எனக்காவயா? ஏட்டி, கேண்டீன்ல நேரத்துக்கு நல்லா சோறு போடுதான். பொரியல், தயிரு, பழம். நான் தின்ன மாட்டேன். பிள்ள நமக்காகக் காத்துக்கிடக்குமே, கூட உக்காந்து சாப்பிடலன்னா ஏங்கிப்போவுமேன்னு பசியோட வருவேன். வயிறு எரியும். இந்த வாரம் நீ தூங்கிட்டயேன்னு கேண்டீன்ல சாப்பிட்டேன். எரிச்சலையே காணோம்."

"அப்போ நீ எனக்கோசரம், நான் உனக்கோசரம்."

"நடுவுல நான் ரெண்டு பேருக்கும் தூங்கித் தூங்கித் தோசை வாத்தேன்" என்றார் அம்மா. "எனக்காக யாரு இருந்தா?"

மூவரும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரிப்பில் புரை ஏறியது. சுகா அவர் தலையில் தட்டினாள்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. மத்தியானம் என்பது பாதி நாள். முதல் நாள் பிற்பகலையும் அன்றைய முற்பகலையும் சேர்த்துத்தான் ஒரு முழு நாள் சேதி கிடைக்கும். அப்பா சில சமயம் எந்த நாளில் நிற்கிறோம் என்று தெரியாமல் குழம்பிப்போவார். அந்தக் குழப்பம் யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

போட்டி, அப்பாவின் அடுத்த இரண்டாவது ஷிஃப்ட் வாரத்தில்தான் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெரிய மைதானம், காலை நேரம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அப்பா ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பார். இப்போது கேண்டீனில் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவதால் காலையிலேயே எழுந்து, கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, அம்மாவோடு மைதான ஓரம் வந்து நின்றார்.

காவேரி நம்பிக்கையாக மூன்று வாழைப்பழம் தின்றிருந்தாள். ஏப்பம் விட்டுக்கொண்டே ஓடினாலும் நன்றாகவே ஓடினாள். குச்சி சுகாவின் கைக்கு வந்தபோது அவர்கள் குழு நான்காவது இடத்தில் இருந்தது. சுகா எதையும் யோசிக்கவில்லை. கால் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியைத் தாண்டினாள். முதலில் போனவளை மட்டும் பிடிக்க முடியவில்லை. ஒரு கை தூரம் மிச்சமிருந்தபோது கோடு வந்துவிட்டது.

இரண்டாம் இடம். பென்னலூர்ப் பள்ளி இதுவரை அந்த ஓட்டத்தில் மேடை ஏறியதே இல்லை. மஞ்சுளா டீச்சரின் தொப்பி எங்கே பறந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. மேதாதான் முதலில் ஓடிவந்து சுகாவைக் கட்டிப்பிடித்தாள்.

பரிசெல்லாம் வாங்கி முடிந்து, மூவரும் சாலையோரம் அப்பாவின் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அம்மா பாத்திரத்தைத் திறந்தார். தோசை. நடுவில் ஒரு கிண்ணத்தில், மிளகுத்தூள் தூவிய முட்டை. அதற்குப் பதவி திரும்பக் கிடைத்துவிட்டது.

அப்பா தட்டை மடியில் வைத்துக்கொண்டார். "என்னட்டி சேதி?"

"நீதான் முழுசா பாத்தியேப்பா."

"நான் பாத்தா? நீ சொல்லு."

சுகா சொல்ல ஆரம்பித்தாள். காலையில் எழுந்தது, சிவப்புக் காலுறையைத் தேடியது, காவேரியின் ஏப்பம், முதல் அக்கா ஓடியது, இரண்டாவது அக்கா தடுக்கியது. அப்பா 'ம்' கொட்டிக்கொண்டே ஐந்து தோசை தின்றார்.

தூரத்தில் இரண்டு தடவை ஹாரன் கேட்டது. அப்பா கையைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மிச்சத்த நாளைக்குச் சொல்லு" என்று கத்தினார்.

சொல்ல நிறைய மிச்சமிருந்தது. சுகாவின் கதையில் குச்சி இன்னும் காவேரி கையில்தான் இருந்தது.